நேபாள மலைக்கிராமத்தில் துணி நாப்கின் தைக்கப் போகிறவர்களுக்கு

நேபாளத்தின் மலைக்கிராமங்களில் பெண்கள் கூடும் இடம் பெரும்பாலும் ஒற்றை அறை. தகரக் கூரை, மண் பூசிய சுவர், மூலையில் இரண்டு மூன்று கால் மெஷின், சுவரில் ஆணியடித்துத் தொங்கும் வரவு செலவு நோட்டு. ‘ஆமா சமூஹ’ என்கிற தாய்மார் குழு அங்கேதான் கூடுகிறது, சேமிக்கிறது, தைக்கிறது, ஊர்ப் பிரச்சினைகளைப் பேசித் தீர்க்கிறது. இப்படியொரு மையத்தில் நான்கு வாரமோ எட்டு வாரமோ கூட இருந்து, துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் தைக்கக் கைகொடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

தொடங்குமுன் ஒரு விஷயம். உங்களுக்குத் தையல் நன்றாகத் தெரிந்தாலும் அங்கே நீங்கள் ஆசிரியர் ஆகிவிடக் கூடாது. நீங்கள் கிளம்பிய மறுநாளும் மெஷின் ஓட வேண்டுமென்றால், கத்தரிக்கோல் முதல் நாளிலிருந்தே ஊர்ப்பெண் ஒருவர் கையில் இருக்க வேண்டும். கீழே சொல்லும் ஏற்பாடுகள் பலவும் இதற்காகத்தான்.

எப்போது போவது

நம் சித்திரை முதல் நாளை ஒட்டித்தான் அவர்களுடைய வைசாக் மாதமும் பிறக்கிறது. இரண்டும் சூரிய மாதங்கள் என்பதால், மாதம் பார்த்துத் திட்டமிடுவது தமிழர்களுக்குச் சுலபம். நம் ஆனிதான் அவர்களுக்கு அசார். அசார் 15 நாற்று நடும் திருநாள். அந்த மாதம் முழுக்க எல்லாப் பெண்களும் சேற்றில்தான் நிற்பார்கள், மையத்துக்கு யாரும் வர மாட்டார்கள். ஆவணியில் தீஜ் நோன்பு, கல்யாணமான பெண்கள் ‘மைத்தி’ என்கிற பிறந்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். புரட்டாசி, ஐப்பசியில் தசைன் (நம் நவராத்திரி), திஹார் (நம் தீபாவளி) பண்டிகைகள் அடுத்தடுத்து வரும். அதன்பின் நெல் அறுவடை. ஆகவே தை, மாசி, பங்குனிதான் நல்ல காலம். குளிர் இருக்கும், ஆனால் பெண்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், துணி காய வெயிலும் இருக்கும்.

அங்கே வார விடுமுறை சனிக்கிழமை. ஒரு நாளின் ஒழுங்கும் வேறு. விடியும் முன்பே தண்ணீர், எருமைக்குப் புல், அடுப்பு. காலை 9, 10 மணிக்கே பருப்புச் சோறு முழுச் சாப்பாடாக முடிந்துவிடும். பிறகு மதியம் 11 முதல் 3 வரை பெண்களின் கை கொஞ்சம் ஓயும். வகுப்பு அந்த நான்கு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ‘காலை 8 மணிக்குத் தொடங்கலாம்’ என்று நீங்கள் சொன்னால் மறுக்காமல் தலையாட்டுவார்கள், ஆனால் வரமாட்டார்கள். அதை அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் தலையில் புல்லுக்கட்டு இருக்கும்.

விசா: இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. மற்ற நாட்டுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் கவனமாக இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலை செய்வதற்கும் நேபாளச் சட்டத்தில் இடமில்லை. அழைக்கும் அமைப்பிடம் அதன் பதிவுச் சான்றையும், எந்த விசாவுக்கு ஏற்பாடு செய்கிறார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘டூரிஸ்ட் விசாவிலேயே வந்துவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள்.

முதல் வாரம்: மெஷினைத் தொடாதீர்கள்

முதலில் பார்க்க வேண்டியவர் ஊரின் பெண் சுகாதாரத் தொண்டர். 1988-இல் தொடங்கிய திட்டம் இது. நாடு முழுக்க சுமார் 50,000 பெண்கள் இந்தப் பணியில் இருக்கிறார்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் மாமியார் கெடுபிடி, யார் எதை யாரிடம் சொல்லமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்து வார்டு அலுவலகம். வார்டுக் குழுவில் இரண்டு பெண் உறுப்பினர்கள் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் தலித் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். இருவரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒருவர் வீட்டில் மட்டும் தேநீர் குடித்துவிட்டு வந்தால் ஊர் அதைக் கவனிக்கும்.

விளிப்பில் தவறக் கூடாது. அம்மா வயதுக்காரர் ‘ஆமா’, அக்கா வயது ‘தீதி’, தங்கை வயது ‘பஹினி’. பெயர் சொல்லிக் கூப்பிடுவது பெரியவர்களிடம் கூடவே கூடாது. நம் ‘நீங்கள்’ போல அவர்களுக்கு ‘தபாய்’. இந்தி தெரிந்தவர்கள் ‘தும்’ பழக்கத்தில் ‘திமி’ என்று சொல்லிவிடுவதுண்டு. மூத்தவர்களுக்கு அது உறுத்தும். ‘கானா கானு பயோ?’ என்றால் ‘சாப்பிட்டீர்களா?’. நம் ஊரைப் போலவே அங்கும் அது வணக்கத்துக்குச் சமம். குருங், மகர், தமாங் இனத்தவரின் ஊர்களில் மூத்தவர்கள் பலர் வீட்டில் பேசுவது நேபாளி மொழியே அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘ஜூட்டோ’ என்பது நம் எச்சில்தான். தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: சொம்பை உதட்டில் படாமல் தூக்கிக் குடியுங்கள், கடித்ததை யாருக்கும் நீட்டாதீர்கள், அழைக்காமல் அடுப்பங்கரைக்குள் நுழையாதீர்கள்.

சாதியைப் பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். மலை ஊர்களில் தையல் என்பது தமாய் சமூகத்தாரின் பரம்பரைத் தொழில். கல்யாணத்துக்குப் பஞ்சே பாஜா வாசிப்பவர்களும் அவர்களே. தீண்டாமை அங்கே சட்டப்படி குற்றம், ஆனாலும் அவர்கள் தொட்ட தண்ணீரைக் குடிக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. வெளியிலிருந்து வருகிறவர்கள் இலவசத் தையல் வகுப்பு தொடங்கும்போது இரண்டு தீமை நடக்கலாம். வகுப்பில் மேல்சாதிப் பெண்கள் மட்டும் நிறையலாம். ஊர்த் தையல்காரரின் வருமானத்திலும் ஓட்டை விழலாம். இதற்கு நாங்கள் கண்ட வழி ஒன்றுதான். ஊரில் தைக்கத் தெரிந்த தமாய்ப் பெண் இருந்தால் அவரையே சம்பளத்துக்குப் பயிற்றுநராக அமர்த்துங்கள். உங்கள் பயணச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்தாவது அந்தச் சம்பளத்தை ஒதுக்குங்கள். நீங்கள் அவருக்குக் கையாள். தேநீர் வரும்போது கெட்டில் யார் கையில் இருக்கிறது, யார் வாசலிலேயே நின்றுவிடுகிறார் என்று கவனியுங்கள். எல்லார் கையிலிருந்தும் வாங்கிக் குடியுங்கள். சொற்பொழிவு வேண்டாம், குடித்தால் போதும்.

மாதவிடாயைப் பேசுவது

மாதவிடாய்க்கு ‘மஹினாவாரி’ என்று பெயர். விலக்கான பெண்ணை ‘நசுனே’, அதாவது தொடக்கூடாதவர், என்பார்கள். மேற்கு மலை மாவட்டங்களான அச்சாம், டோட்டி, பஜுரா, தைலேக் பகுதிகளில் விலக்கான நாட்களில் பெண்ணைக் கொட்டகையில் தங்கவைக்கும் ‘சாவ்படி’ வழக்கம் உண்டு. உச்ச நீதிமன்றம் 2005-இல் இதைத் தடை செய்தது. 2018 ஆகஸ்டு முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, ஒரு பெண்ணை இப்படி ஒதுக்கிவைப்பவருக்கு 3 மாதச் சிறை அல்லது 3,000 நேபாள ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அப்படியும் பாம்புக் கடியிலும் குளிருக்கு மூட்டிய தீயின் புகையிலும் பெண்கள் செத்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்ததும் கோபம் வரும், வரத்தான் வேண்டும். ஆனால் வகுப்பில் அதைக் கொட்டினால் மருமகள்கள் அடுத்த நாள் வர மாட்டார்கள், ஏனென்றால் அனுப்புவதா வேண்டாமா என்பது மாமியார் கையில் இருக்கிறது. ‘தீட்டு’ என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இங்கே ஒரு வழி உண்டு. எங்கள் ஊரிலும் திண்ணையில் உட்காரவைத்தார்கள், தனித் தட்டு, தனிப் பாய் கொடுத்தார்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். மேலிருந்து பேசுவதாகத் தோன்றாது, பேச்சு தானாக வளரும். மூத்த ஆமாக்களைத் தனியாக அழைத்து, அவர்கள் காலத்தில் எந்தத் துணி, எங்கே காயவைத்தார்கள் என்று கேளுங்கள். நாப்கின் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான விடை அவர்கள் பதிலிலேயே இருக்கும்: பழைய சேலைத் துண்டு, வைக்கோல் போருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல்.

வெயிலில் காயாத துணிதான் பெரிய சிக்கல். ஈரத்தோடு கட்டினால் அரிப்பும் தொற்றும் வரலாம். ஆகவே கொடியில் தொங்கும்போது நாப்கின் என்றே தெரியாத வடிவம் வேண்டும்.

வடிவம்: உறையும் உள்துணியும்

கடை நாப்கின் போல ஒரே கனமாகத் தைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எட்டு அடுக்குத் துணி மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் நடுவில் ஈரமாகவே கிடக்கும். இரண்டாகப் பிரியுங்கள். ஜட்டியில் பொருந்தும் ‘உறை’ ஒன்று, அதற்குள் மடித்துச் செருகும் ‘உள்துணி’ ஒன்று. விரித்தால் உள்துணி வெறும் சதுரத் துணி. கொடியில் போட்டால் கைக்குட்டை போலத் தெரியும், இரண்டே அடுக்கு என்பதால் நல்ல வெயிலில் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

ஒருவருக்கு 2 உறை, 6 உள்துணி. ஆடி ஆவணி மழையையும் தாண்ட வேண்டுமென்றால் 8 உள்துணி.

உள்துணிக்குப் பருத்தி ஃபிளானல். வாங்கியதும் இரண்டு முறை சோப்பு போட்டு அலசிக் காயவைத்த பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். தண்ணீர் விட்டால் முத்து முத்தாக நிற்கும், உறிஞ்சாது. சுருங்கவும் செய்யும், துவைக்காமல் தைத்தால் முதல் அலசலிலேயே உறைக்குப் பொருந்தாது. நிறம் அடர்த்தியாக, பூப்போட்டதாக இருக்கட்டும். வெள்ளை வேண்டாம், கறை தெரிந்தால் மறுபடி வைக்கோல் போருக்குப் பின்னால்தான் போகும்.

உள்துணியை 24 × 23 செ.மீ. அளவில் வெட்டுங்கள். 110 செ.மீ. அகலத் துணி என்றால் துவைத்துச் சுருங்கிய பின்னும் ஒரு மீட்டருக்கு 16 துண்டு, அதாவது 8 உள்துணி கிடைக்கும். 20 பேருக்கு 120 உள்துணி வேண்டும், 15 மீட்டர். வெட்டுப் பிழைக்காக 2 மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களை முகத்துக்கு முகம் வைத்து, 1 செ.மீ. விட்டுச் சுற்றித் தைத்து, ஒரு ஓரத்தில் 5 செ.மீ. திறப்பு விட்டுப் புரட்டி, ஓரத்தை மறுபடி ஒரு சுற்று தையுங்கள். முடிந்தது 22 × 21. மூன்றாக மடித்தால் 7 செ.மீ. அகலம், ஆறு அடுக்கு.

உறைக்குச் சாதாரணப் பருத்தித் துணி இரண்டு, நடுவில் நீர் புகாத துணி ஒன்று. பி.யு.எல். என்று கடையில் சொல்வது ஒரு பக்கம் பளபளப்பான பூச்சு உள்ள பாலியஸ்டர் துணி. காத்மாண்டு இந்திர சோக், அசன் பக்கத்துத் துணிக்கடைகளில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மழைக்கோட்டு நைலான் வாங்கலாம், ஆனால் கடையிலேயே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபக்கம் விரலால் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். சலசலக்கும், துவைத்தால் கிழியும், வியர்க்கும்.

உறையின் தைத்து முடித்த அளவு: உடல் 25 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், இரு முனையும் வளைவு. நடுவில் இருபுறமும் 5 செ.மீ. நீளும் இறக்கை, ஆக இறக்கை நுனியிலிருந்து நுனிக்கு 18 செ.மீ. வெட்டும்போது சுற்றிலும் 1 செ.மீ. சேர்த்து, 27 × 20 கட்டத்துக்குள் வரும். 150 செ.மீ. அகல பி.யு.எல். ஒரு மீட்டரில் 21 உறைக்குத் துண்டு கிடைக்கும். 20 பேருக்கு 2 மீட்டர் போதும். முனைகளில் உள்துணியைச் செருகிப் பிடிக்க இரண்டு சிறு பைகள் வேண்டும். அதற்கு 10 செ.மீ. அகலம், 7 செ.மீ. நீளத்தில் இரண்டு பருத்தித் துண்டு, உடலின் நடுவைப் பார்க்கும் ஓரத்தை மட்டும் 1 செ.மீ. மடித்துத் தைத்துவிடுங்கள். வெளி ஓரத்தை உறையின் வளைவுக்கே வெட்டுங்கள்.

அடுக்கும் வரிசைதான் இதில் முக்கியம், பாதிப் பேர் தவறுவது இங்கேதான். முதலில் மேல்துணி, நல்ல பக்கம் வானத்தைப் பார்க்க. அதன்மேல் இரு முனையிலும் பைத் துண்டுகள், அவற்றின் நல்ல பக்கமும் வானத்தைப் பார்க்க. அதன்மேல் கீழ்த்துணி, நல்ல பக்கம் தரையைப் பார்க்க. எல்லாவற்றுக்கும் மேலே பி.யு.எல்., பளபளப்பு தரையைப் பார்க்க; புரட்டியதும் இது நடுவுக்குப் போய்விடும். பளபளப்பு மேலே இருந்தால் மெஷினின் உலோகக் கால் அதில் ஒட்டிக்கொண்டு நகராது, தையல் ஒரே இடத்தில் குவியும். சுற்றித் தைத்து, இறக்கைக்கும் முனைக்கும் இடையிலுள்ள நேர் ஓரத்தில் 5 செ.மீ. திறப்பு விடுங்கள். இறக்கை உடலோடு சேரும் நான்கு மூலைகளிலும் தையலுக்கு 2 மி.மீ. முன்பு வரை கத்தரியால் கீறுங்கள். கீறாவிட்டால் புரட்டியதும் இறக்கை சுருங்கி நிற்கும். புரட்ட ஒரு கரண்டிக் காம்பு போதும். பிறகு ஓரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி ஒரு சுற்று தைத்தால் திறப்பும் மூடும்.

நடுவில் அழகுக்காக ஒரு கோடு கூடத் தைக்காதீர்கள். ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு ஒழுகல். குண்டூசியும் குத்த வேண்டாம், துணிக் கிளிப் போட்டுப் பிடியுங்கள். தையல் நீளம் 3 மி.மீ., அதைவிடப் பொடியாகத் தைத்தால் பி.யு.எல். அஞ்சல்தலை போலக் கிழியும். ஊசி 11-ஆம் நம்பர். கால் மெஷின்களில் பொதுவாக 14, 16 ஊசிதான் மாட்டியிருக்கும், அதைக் கழற்றுங்கள். நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் ஈரத்தை வெளியே இழுத்துவிடும். இஸ்திரிப் பெட்டியை உறைமேல் வைக்கவே கூடாது.

இறக்கை நுனியிலிருந்து 1.5 செ.மீ. உள்ளே கையால் தைக்கும் பிரஸ் பட்டன். ஒரு இறக்கையில் ஒன்று, மறு இறக்கையில் 1 செ.மீ. இடைவெளியில் இரண்டு குழி வைத்தால் எந்த ஜட்டிக்கும் பொருந்தும். ஜட்டி அணியும் வழக்கம் மூத்தவர்களில் பலரிடம் இல்லை. அவர்களுக்கு இதைத் திணிக்காதீர்கள். இரு முனையிலும் நாடா வைத்து, இடுப்புக் கயிற்றில் கட்டும்படி தைத்துக் கொடுங்கள்.

தைத்த முதல் உறையைச் சோதியுங்கள். செய்தித்தாள் மேல் வைத்து, உள்துணி செருகி, மூன்று தேக்கரண்டித் தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் ஐந்து நிமிடம் அழுத்துங்கள். தாளில் புள்ளி தெரிந்தால் எந்தத் தையல் வழியாக வந்தது என்று தேடுங்கள். இதைப் பெண்களே செய்ய வேண்டும். தாளைத் தூக்கிப் பார்க்கும்போது எல்லாத் தலைகளும் ஒன்றாகக் குனியும், அந்த ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்வது ஒரு நாள் பாடத்தைவிட அதிகம்.

மெஷின் மக்கர் செய்தால்

புதிதாக மிதிக்கிறவர்களிடம் நூல் அறுந்துகொண்டே இருந்தால் முதலில் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். கைச்சக்கரத்தின் மேற்பகுதி நம்மை நோக்கி வர வேண்டும். பின்னால் சுற்றினால் நூல் சிக்கி அறும். முதல் இரண்டு நாள் நூல் கோக்காமல் வெறும் தாளில் ஓட்டச் சொல்லுங்கள். தோல் பெல்ட் தளர்ந்து வழுக்கினால் 1 செ.மீ. வெட்டி, கொக்கியை மறுபடி மாட்டுங்கள். ஃபிளானல் நிறையப் பஞ்சு உதிர்க்கும். தினமும் பாபின் கேஸைக் கழற்றித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் நான்காம் நாள் இறுகிவிடும்.

துவைக்கும் முறையையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து அலசுங்கள். வெந்நீர் முதலில் பட்டால் ரத்தக்கறை துணியில் இறுகிவிடும். பிறகு சோப்பு, பிறகு சோப்பு போகும்வரை அலசல், பிறகு வெயில். கைக்கு ஈரம் தட்டாத வரை மடித்து வைக்கக் கூடாது.

செய்யக்கூடாதவை

குழுவின் சேமிப்புப் பணத்தைத் தொடாதீர்கள், பெட்டிச் சாவி வாங்காதீர்கள், கணக்கு எழுத உதவி கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் எழுதுவதைச் சரிபாருங்கள். தனியாக யாருக்கும் பணமோ போனோ கொடுக்காதீர்கள். கொடுத்த மறுநாள் குழுவே இரண்டாகும். கொடுக்க விரும்பினால் எல்லார் முன்னிலையிலும் குழுவின் பெயரில் கொடுத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நாப்கின் கையில் வைத்த சிறுமியின் படத்தை எங்கும் போடாதீர்கள். அவள் பள்ளியில் அதை யாராவது பார்ப்பார்கள்.

மெஷினை இடம் மாற்ற வேண்டுமென்றால் பிள்ளை பெற்று அதிக நாளாகாத பெண்ணைத் தூக்கவிடாதீர்கள். பேறுகாலத்துக்குப் பின் ஓய்வின்றிச் சுமை தூக்குவதும் கர்ப்பப்பை இறங்குவதற்கு ஒரு காரணம், மலை ஊர்களில் அது அதிகம். ‘ஆங் கஸ்னே’ என்று யாராவது உங்களிடம் ரகசியமாகச் சொன்னால் அதுதான். மருந்தோ யோசனையோ சொல்லாமல், அவர் சம்மதத்தோடு சுகாதாரத் தொண்டரிடம் சேர்த்துவிடுங்கள். எந்த மருத்துவமனைக்கு எப்போது போகலாம் என்பது அவருக்குத் தெரியும்.

கடைசி வாரம்

நீங்கள் ஒரு தையலும் போடாத வாரமாக இது இருக்க வேண்டும். துணி வாங்கப் போகும்போது குழுவில் இருவர் கூட வரட்டும். கடை, விலை, மீட்டர் எல்லாம் அவர்கள் கையெழுத்தில் பதிவாகட்டும். விலை போடும்போது துணி, நூல், பட்டன், கடைக்குப் போய்வந்த பஸ் கட்டணம், தைத்தவர் கூலி ஐந்தையும் தனித்தனியாக எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். கூலியைப் பூஜ்யம் என்று எழுதத்தான் முதலில் கை போகும். அந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

காகித மாதிரி இரண்டு மாதத்தில் கிழிந்துவிடும், ஒவ்வொரு முறையும் ஓரத்தில் அரை செ.மீ. பெருகும். பழைய எக்ஸ்ரே பிலிமில் உறை, பை, உள்துணி மூன்றையும் இரண்டு செட் வெட்டி, அளவுகளைத் தேவநாகரியில் எழுதி, மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டுங்கள். ஒரு செட் மையத்துக் கதவின் பின்னால் ஆணியில் தொங்கட்டும், மற்றது பயிற்றுநர் தீதியின் வீட்டில் இருக்கட்டும். 11-ஆம் நம்பர் ஊசி இரண்டு பாக்கெட்டும் அவரிடமே.